ட்ரேயில் ஒரு கிளாஸி ஷீட்

1. மெக்கானிக் சொன்னது

பிரிண்டரை அட்டைப்பெட்டியில இருந்து எடுத்து மேஜையில வச்ச அன்னைக்கே மெக்கானிக் தம்பி கண்டிஷனா சொல்லிட்டான்.

"எக்கா, வாரத்துக்கு ஒரு கலர் பிரிண்டாவது போட்டிரணும். இல்லன்னா இங்க் காஞ்சு ஹெட்டு அடைச்சுக்கிடும். அணைக்கும்போது மிஷின் பட்டன அமுக்கித்தான் அணைக்கணும், சுவிட்சு போர்டுல கை வைக்கக் கூடாது. பொறவு, ட்ரேயில பேப்பர விட்டுவைக்காதீங்க. தூசி படியும். பளபளன்னு இருக்க போட்டோ பேப்பரு, கிளாஸி ஷீட்டுன்னா சுருண்டு ரோலர்ல மாட்டிக்கிடும்."

முதல் ரெண்டையும் இன்னைக்கு வரைக்கும் தவறாம செய்யுறேன். கடைசியா சொன்னதை மட்டும் கேக்குறதில்லை. ஏன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். வீட்டுல ஒரு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கிப் போட்டு, அடுப்பு வேலைக்கு நடுவுல நாலு பேருக்குப் பிரிண்ட் போட்டுக் குடுக்கலாம்னு நினைக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கீங்க. இங்க் விலை, பேப்பர் விலையெல்லாம் கடைக்காரனே சொல்லுவான். இதை எவனும் சொல்ல மாட்டான்.

நான் கோமதி. தச்சநல்லூர்ல இருக்கேன். பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவள். டிசி எழுதி எழுதித் தேய்ஞ்ச கை, சும்மா இருக்கச் சொன்னா கேக்காது. பெங்களூர்ல இருக்கிற என் மகள்தான், "சும்மா இருந்தா ஒனக்குக் கோட்டி பிடிச்சிரும்மா"ன்னு சொல்லி இந்த மிஷினை வாங்கித் தந்தாள். பிரிண்ட், ஸ்கேன், காப்பி, போட்டோ எல்லாம் ஒண்ணுலயே வரும். நாலு கலர் இங்க் டேங்க். தெருப் பிள்ளைகளோட புராஜக்ட், ரேஷன் கார்டு காப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோன்னு வேலை தானா வந்து சேர்ந்தது.

ஆரம்பத்துலயே ஒரு பாடம் கிடைச்சது. மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிட்டு வந்தேன். மிஷின் சும்மா கிடந்ததுல மெஜந்தா அடைச்சுக்கிட்டது. அது தெரியாம, பின் தெரு ஈஸ்வரியோட மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அனுப்புற போட்டோவைப் போட்டுட்டேன். சிவப்பு விழலைன்னா முகம் எப்படி வரும் தெரியுமா? பச்சையும் மஞ்சளுமா, ரத்தம் வடிஞ்சாப்புல வரும். ஈஸ்வரி அதைக் கையில வாங்கினவள் அலறிட்டாள்.

"எக்கா! எம் பிள்ள மொகத்துல சவக்களை அடிக்கி!"

ஹெட் கிளீனிங் ரெண்டு தடவை குடுத்து, நாசில் செக் போட்டு, கோடெல்லாம் முழுசா விழுறதைக் காட்டி, மறுபடி பிரிண்ட் எடுத்தேன். பிள்ளை ரோஜாப்பூவா வந்தாள். ஆனாலும் ஈஸ்வரி போகும்போது அந்தப் பச்சை முகத்தையும் கேட்டு வாங்கிட்டுப் போனாள். குப்பையில போடவும் மனசில்லை, வீட்டுல வைக்கவும் பயம். குறுக்குத்துறைக்குப் போய் ஆத்துல விட்டுட்டு வந்தாளாம். கேட்டுட்டுச் சிரிச்சேன். ஆனா அன்னைக்கே ஒண்ணு புரிஞ்சது. முகம் விழுந்துட்டா அதுக்கு மேல அது வெறும் பேப்பர் இல்லை.

2. நீல பேக்ரவுண்டு

இந்த வேலையில நீங்க எதிர்பார்க்காத ஒரு கிராக்கி வரும். சாவு வீட்டுக் கிராக்கி.

ஒருத்தர் போயிட்டா முதல்ல தேடுறது போட்டோவைத்தான். தலைமாட்டுல வைக்கணும், மாலை போடணும். ஸ்டுடியோக்காரன் கடையைத் திறக்குற வரைக்கும் காத்திருக்க முடியாது. "கோமதியக்கா வீட்டுல மிஷின் இருக்குல்லா"ன்னு ஓடி வருவாங்க. கொண்டு வர்றது கல்யாண குரூப் போட்டோவா இருக்கும், இல்லைன்னா ஆதார் கார்டா இருக்கும். அதுல இருந்து தலையை மட்டும் வெட்டி எடுக்கணும். பின்னால நீலம் போடணும். பனியனோட இருந்தா வெள்ளைச் சட்டை ஒட்டணும். கழுத்து சாய்ஞ்சிருந்தா நிமிர்த்தணும். ஏ-ஃபோர், கிளாஸி, ஒரே ஒரு காப்பி.

இதுக்குன்னு சொல்லாத சட்டம் ஒண்ணு உண்டு. நீல பேக்ரவுண்டு, வெள்ளைச் சட்டை, ஏ-ஃபோர் கிளாஸின்னு கேட்டுட்டா யாருக்கு, எதுக்குன்னு கேக்கக் கூடாது. நானும் கேட்டதில்லை. வாயை மூடிட்டுப் போட்டுக் குடுப்பேன்.

பக்கத்து வீடுகளுக்கு என் வைஃபை பாஸ்வேர்டும் குடுத்திருந்தேன். பிள்ளைகள் புராஜக்டுக்கு ஒவ்வொரு தடவையும் போன்ல படம் அனுப்பி, அதை நான் இறக்கி, பெரிய எளவா இருந்தது. பாஸ்வேர்டு இருந்தா அவங்க வீட்டுல உக்காந்தபடியே பட்டனைத் தட்டலாம், என் வீட்டுல பிரிண்ட் வந்து விழும். எதிர் வீட்டு செல்வம் போன்ல என் பிரிண்டர்தான் முதல் பேரா நிக்கும்.

3. எதிர் வீட்டு விசில்

செல்வத்தோட அப்பா முத்தையா அண்ணாச்சி. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். பாபநாசம் ரூட்டுல பாதி சர்வீஸ் போச்சு. படியில தொங்குற பயல்களைப் பார்த்து, "ஏலே, உள்ள எடம் கெடக்கு, என்னத்துக்குல வௌவாலு கணக்கா தொங்குதிய"ன்னு அவர் போடுற சத்தம் டிரைவர் காது வரைக்கும் கேக்கும்.

பென்சன்காரங்க உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் சான்று குடுக்கணும். அதுக்கு ஜெராக்ஸ் எடுக்க என்கிட்டதான் வருவார். வாசல்ல நின்னுக்கிட்டே கேலி பேசுவார்.

"கோமதி, நான் உசுரோடதான் இருக்கேன்னு நீ ஒரு பிரிண்டு போட்டுக் குடு தாயி. என்னயப் பாத்தா கெவர்மெண்டு நம்ப மாட்டேங்கு. பேப்பரப் பாத்தாத்தான் நம்புது."

அப்படிப்பட்ட மனுசனுக்கு ஒரு நாள் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துட்டது. பேச்சும் போயிட்டது. புத்தி மட்டும் போகலை. எல்லாம் புரியும், வாய்தான் வராது. மருமகள் ராஜி அவரோட பழைய கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்துக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுவிட்டாள். பஸ் கணக்குதான். ஒரு விசில்னா நிறுத்து, இங்க வா. ரெண்டு விசில்னா சரி, ரைட், போகலாம். தண்ணி வேணும்னா ஒரு விசில் வரும். ராஜி போய்க் குடுத்ததும் ரெண்டு விசில் வரும். தெருவே அந்தச் சத்தத்துக்குப் பழகிப் போச்சு.

ராஜியைக் குறை சொல்லவே முடியாது. தூக்கி உக்கார வைக்கிறதுல இருந்து பீ மூத்திரம் அள்ளுற வரைக்கும் அவள்தான். செல்வம் பைனான்ஸ் கம்பெனியில வசூலுக்குப் போறவன். ரொம்ப ஒழுங்கு. கரண்டு பில்லை எல்லாருக்கும் முந்திக் கட்டுவான். ஊருக்குப் போறதுன்னா முந்தின வாரமே பெட்டியைக் கட்டி வச்சிருவான். எதையும் கடைசி நேரத்துக்கு வைக்க மாட்டான். அந்தக் குணம்தான் அவனைக் காட்டிக் குடுத்தது.

4. கரண்டு வந்த நேரம்

அன்னைக்கு எங்க ஏரியாவுல மெயின்டனன்ஸ். காலையிலேயே கரண்டை நிறுத்திட்டாங்க. கடைசி வீட்டுப் பையனோட புராஜக்டுக்கு ஒரு கோபுரப் படம் போடணும்னு கிளாஸி ஷீட்டை ட்ரேயில வச்சேன், வச்ச கையோட கரண்டு போச்சு. சரி, சவத்துக் கரண்டு வரும்போது வரட்டும்னு விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். ஷீட்டை எடுக்க மறந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல எதிர் வீட்டு வாசல்ல ஆட்டோ வந்து நின்னது. அண்ணாச்சியோட தங்கச்சி பேச்சியம்மா இறங்கினாள். கூட சொந்தக்காரங்க சில பேர். ஒரு குலை இளநி, ஒரு தூக்குவாளி நல்லெண்ணெய்.

"என்ன மைனி, கூட்டமா வந்திருக்கீய, விசேஷமா?"ன்னு கேட்டேன்.

"அண்ணனுக்கு ஒடம்பு ஒரே சூடா கெடக்காம். காலைல எண்ண தேச்சுக் குளுப்பாட்டணும்"னாள். என் முகத்தைப் பார்க்காம தூக்குவாளியைப் பார்த்துச் சொன்னாள்.

நல்லதுதானே, படுத்தே கிடக்கிற உடம்புக்கு எண்ணெய் நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா பகல் ஏற ஏற எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. ஒவ்வொருத்தரா வந்தாங்க. உள்ளே போய் அண்ணாச்சி கட்டில் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க. கையைப் பிடிச்சாங்க. வெளியே வந்து பைய செருப்பை மாட்டிட்டுப் போனாங்க. விசேஷ வீடுன்னா ஒரு சத்தம் இருக்கும். யாராவது யாரையாவது வைவாங்க, ஒரு குழந்தையாவது அழும். அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் ஓடாத வீட்டுல அத்தனை பேர் எப்படிச் சத்தமில்லாம இருக்காங்கன்னு ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

மத்தியானம் தாண்டிக் கரண்டு வந்தது. ஃபேன் சுத்துச்சு. மிஷின் தானா ஆன் ஆகி உறுமுச்சு. அது வழக்கம்தான், கரண்டு வந்ததும் ஹெட்டை அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டித் தன்னைத்தானே துடைச்சுக்கிடும். நான் கண்டுக்கலை. அப்புறம் லொடக்னு ஒரு சத்தம். ரோலர் ஷீட்டை உள்ளே இழுக்குது!

நான் ஒண்ணும் அனுப்பலையே. என் போன் அணைஞ்சு போய்க் கிடக்குது.

பக்கத்துல போய்ப் பார்த்தேன். ஷீட்டு மேல் பக்கம் எழுத்து விழுந்துக்கிட்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி. சரி, யார் வீட்டுலயோ துக்கம், கரண்டு இல்லாத நேரம் யாரோ அனுப்பி இப்போ வருதுன்னு நினைச்சேன். எழுத்துக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்கு நடுவுல வெள்ளை முடி. நெத்தி. நெத்தியில அந்தத் தழும்பு, பிரேக் போட்டப்போ கம்பியில இடிச்சுக்கிட்டதுன்னு அவர் காட்டுற தழும்பு.

ஐயையோ, அண்ணாச்சி போயிட்டாரா!

எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டது. அதான் காலையில இருந்து ஆளா வந்துட்டுப் போறாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பாவிகன்னு முந்தானையை இழுத்து வாயில வச்சுக்கிட்டு வாசலுக்குத் திரும்பினேன்.

எதிர் வீட்டுல இருந்து விசில் கேட்டது. ஒரு விசில்.

நடையில அப்படியே நின்னுட்டேன். எனக்குப் பின்னால மிஷின் அவர் கண்ணைப் போட்டுக்கிட்டிருக்கு, மூக்கைப் போட்டுக்கிட்டிருக்கு. முன்னால அவர் தண்ணிக்கு விசில் அடிக்கார். "இந்தா வாரேன் மாமா"ன்னு ராஜி குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு விசில் வந்தது. ரைட்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைக்கும் போடாத ஒரு வெள்ளைச் சட்டையில அண்ணாச்சி முழுசா வந்திருந்தார். கீழே பேர். தோற்றம்னு போட்டுப் பிறந்த தேதி. மறைவுன்னு போட்டு இன்னொரு தேதி. ஷீட்டு வெளியே வந்து விழுந்தது. இங்க் ஈரம் காயலை. சுவத்துல மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். ஷீட்டைப் பார்த்தேன். மறுபடி காலண்டரைப் பார்த்தேன்.

அது நாளைத் தேதி.

5. தேதி தப்பு

எங்க பக்கத்துல சில ஊர்கள்ல இது உண்டு. படுத்த படுக்கையா கிடக்கிற வயசாளிக்கு ஒரு நாள் குறிச்சு எண்ணெய்க் குளியல் நடக்கும், உடம்பு குளிர இளநியும் குடுப்பாங்க. முந்தின நாள் சொந்தக்காரங்க வந்து கையைப் பிடிச்சுப் பார்த்துட்டுப் போவாங்க. குளிச்சவங்க எந்திரிக்கிறதில்லை. வெளியே கேட்டா, வயசாச்சு, போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல பெரியவங்க பேச்சு நடுவுல காதுல விழுந்தது, நான் போய் நின்னதும் பேச்சு நின்னு போச்சு. டவுனுக்குள்ள, என் வாசலுக்கு எதிர்த்தாப்புல நடக்கும்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கலை.

செல்வம்தான் எதையும் முன்கூட்டியே செய்யுறவனாச்சே. நாளைக்கு அலைய வேண்டாம்னு போன்லயே போஸ்டரைத் தயார் பண்ணியிருக்கான். எப்படி இருக்குன்னு பார்க்கும்போது பிரிண்ட் பட்டன்ல கை பட்டிருக்கு. கரண்டு இல்லை, போகலைன்னு விட்டுட்டான். கரண்டு வர்ற வரைக்கும் அது அவன் போன்லயே மிஷினுக்காகக் காத்துக் கிடந்திருக்கு.

போலீசுக்குப் போனா, செல்வம் "தேதி தப்பா விழுந்துட்டு சார்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான். அங்கே நான் பேசிட்டு நிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். கிழிச்சுப் போட்டுட்டு கதவைச் சாத்திக்கிட்டாலும் விடியத்தான் செய்யும்.

மிஷின் மூடியைத் திறந்தேன். ஷீட்டைக் கவுத்து வச்சு ஸ்கேன் குடுத்தேன். மூடி இடுக்கு வழியா வெளிச்சம் அவர் முகத்துக்கு அடியில பைய நகர்ந்து போறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அணைஞ்சு கிடந்த போனைச் சார்ஜர்ல சொருகி, ஸ்கேனை மகளுக்கு அனுப்பினேன். "இதை அழிக்காம வையி, பொறவு சொல்லுதேன்"னு எழுதினேன். செருப்புகூடப் போடாம ரோட்டைக் கடந்தேன்.

முன் அறையில கட்டில்ல அண்ணாச்சி. சுத்தி பிளாஸ்டிக் சேர்ல சொந்தக்காரங்க. செல்வம் என் கையில இருக்கிறதைப் பார்த்ததும் எந்திரிச்சுட்டான். முகத்துல பொட்டு ரத்தம் இல்லை, மெஜந்தா போன படம் மாதிரி இருந்தான்.

"செல்வம், ஒன் போன்ல இருந்து இது வந்துச்சு. தேதி தப்பா விழுந்திருக்கு பாரு"ன்னு நீட்டினேன்.

செல்வம் வாங்கினான். "எக்கா... அது சும்மா... மாடல் பாத்தேன்க்கா. கரண்டு இல்லல்லா... போகலன்னு நெனச்சேன்."

பேச்சியம்மா குறுக்கே வந்தாள். "எங்க அண்ணன் படுத பாடு ஒனக்குத் தெரியுமாட்டி? ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ."

"பாடு தெரியும் மைனி. தெனமும் பாக்கேன். தேதி எனக்குத் தெரியாதுல்லா. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் செல்வத்தைப் பார்த்துச் சொன்னேன். "என் மிஷின் ஆல்-இன்-ஒன்னு பாத்துக்கோ. பிரிண்டும் போடும், ஸ்கேனும் பண்ணும். பண்ணி பெங்களூருக்கும் போயிட்டு."

அவன் கை தொங்கிப் போச்சு. ஷீட்டு கட்டில் பக்கமாத் திரும்பிட்டது. நான் அதை அவருக்குக் காட்டணும்னு வரலை, சத்தியமாச் சொல்லுறேன். ஆனா அண்ணாச்சி பார்த்துட்டார். கண்டக்டர் கண்ணு அது, நெரிசல்ல நின்னுக்கிட்டே டிக்கெட்டைப் படிச்ச கண்ணு.

நல்லா இருக்கிற இடது கையைத் தூக்கினார். வெள்ளைச் சட்டையைத் தொட்டார். விரல் கீழே இறங்கித் தேதியில நின்னது. அப்புறம் அதே விரலைத் தூக்கிச் சுவத்துக் காலண்டரைக் காட்டினார். ஒவ்வொருத்தர் முகமா பார்த்தார். காலையில இருந்து வந்து கையைப் பிடிச்சவங்க ஒருத்தரும் தலை நிமிரலை. கடைசியா மகனைப் பார்த்தார்.

விசிலை எடுத்து வாயில வச்சார்.

ஒரு விசில். நீளமா. தண்ணி கேக்குற விசில் இல்லை அது. ஆள் விழுந்துட்டா பஸ்ஸை நிறுத்த அடிப்பாங்களே, அந்த விசில். மூச்சு வாங்கிட்டு மறுபடி ஒண்ணு. மறுபடி ஒண்ணு. பேச்சியம்மா காதைப் பொத்திக்கிட்டாள். தெருவுல போனவங்க நின்னு எட்டிப் பார்த்தாங்க. நிறுத்து. நிறுத்து. நிறுத்து. செல்வம் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு, "எப்பா, போதும்ப்பா, அடிக்காதீங்கப்பா"ன்னு கதறினான். அடுப்படி நிலையில சாய்ஞ்சு நின்ன ராஜி அப்படியே சரிஞ்சு உக்காந்து அழுதாள்.

சாயங்காலம் பேச்சியம்மா எண்ணெய்த் தூக்குவாளியைத் தூக்கிட்டு ஆட்டோவுல ஏறினாள். இளநிக்குலை வாசல்லயே கிடந்தது. அதை யாரும் வெட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. காய்ஞ்சு கருத்துப் போற வரைக்கும் கிடந்தது.

6. ராஜி கேட்ட கேள்வி

மறுநாள் நான் கதவைத் திறந்தா ராஜி நிக்காள். கண்ணு வீங்கியிருந்தது.

"எக்கா, பேப்பரக் கொண்டாந்து நீட்டிட்டு நல்லவுகளாயிட்டீய. இன்னைக்கி அவுகளப் பொரட்டிப் போடுதது யாரு? முதுகுப் புண்ணத் தொடைக்கது யாரு? நான் தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீயளா?"

அவள் கேட்டதுல தப்பு இல்லை. சேலையை இடுப்புல சொருகிட்டு அவள் கூடவே போனேன்.

அன்னையில இருந்து காலையில நான் அங்கே போயிருவேன். நானும் ராஜியும் சேர்ந்து அவரைப் புரட்டுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையா நடந்து, நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்ட ஏற்பாடு பண்ணினேன். மத்தியானம் ராஜி என் வீட்டுல வந்து படுத்துத் தூங்குவாள். அந்த நேரம் நான் விசிலுக்குக் காவல்.

இன்னொண்ணும் செஞ்சேன். தினமும் காலண்டர் தாளைக் கிழிச்சு அண்ணாச்சி இடது கையில குடுப்பேன். அவர் நெஞ்சுக்கு நேரே பிடிப்பார். போன்ல ஒரு படம் எடுப்பேன். பாஸ்போர்ட் சைஸ்ல பிரிண்ட் போட்டுக் கட்டில் தலைமாட்டுச் சுவத்துல ஒட்டுவேன். எதுக்குன்னு நான் சொல்லலை, அவங்களும் கேக்கலை. எல்லாருக்கும் தெரியும்.

சுவரு நிறைய அண்ணாச்சி. ஒவ்வொண்ணுலயும் ஒரு தேதி, ஒவ்வொண்ணுலயும் அதே கண்ணு. வர்றவங்க அந்தச் சுவத்துக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவாங்க. எனக்கே சில நாள், படத்தை ஒட்டிட்டுத் திரும்பினா, அத்தனை பேரும் எனக்குப் பின்னால மூச்சு விடுற மாதிரி இருக்கும். செல்வத்துக்கு அந்த அறைக்குள்ள வரவே கால் கூசும். வாசல்ல நின்னுட்டு வேலைக்குப் போயிருவான்.

ஒரு நாள் நான் போறதுக்கு முந்தியே அண்ணாச்சி கையில காலண்டர் தாள் இருந்தது. தலை சீவி, காக்கிச் சட்டை போட்டு, நிமிர்த்தி உக்கார வச்சிருந்தது. செல்வம் பக்கத்துல தலையைக் குனிஞ்சு நின்னான்.

"இன்னைக்கி நானே கிழிச்சுக் குடுத்தேன்க்கா"ன்னான்.

அதுக்கப்புறம் தாளைக் கிழிக்கிறது அவன் வேலையாச்சு. மழைக்காலம் வந்தது. உயிர்ச் சான்றுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். பொங்கலும் போச்சு.

வெயில் ஏறின ஒரு காலையில செல்வம் குடுத்த தாளை அண்ணாச்சி பிடிக்கலை. அது விரல்ல இருந்து நழுவி மடியில விழுந்தது. நான் எடுத்து வைக்கப் போனேன். வேண்டாம்னு தலையை ஆட்டினார். என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ராஜியைப் பார்த்தார். விசிலைத் தடவி எடுத்தார். பாதி காத்துதான் வந்தது. ஆனா எண்ணிக்கை சரியா இருந்தது.

ரெண்டு விசில்.

"என்ன அண்ணாச்சி, வண்டிய எடுத்தாச்சா?"ன்னு கேலியாக் கேட்டேன். அவர் இடது பக்க உதடு மட்டும் சிரிச்சது. நான் அன்னைக்குப் படம் எடுக்கலை.

மத்தியானம் ராஜி கஞ்சி ஊட்டும்போது, மூணாவது வாயோ நாலாவது வாயோ, உள்ளே இறங்கலை. அவள் மடியிலயே தலை சாய்ஞ்சுட்டார்.

செல்வம் என் வீட்டுக்கு வந்தான். போன்ல அனுப்பலை, நேர்ல வந்தான். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"படம் போடணும்க்கா. வெள்ளச்சட்ட வேண்டாம். காக்கிச்சட்டையில இருக்கதப் போடுங்க."

"சரிடா."

போகாம நின்னான். நிலையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

"தேதிய நீங்களே போடுங்கக்கா."

போட்டேன்.

7. பாடம்

போன வாரம் சர்வீசுக்கு வந்த மெக்கானிக் தம்பி சத்தம் போட்டான். "எக்கா, எத்தன வாட்டி சொல்லுதது? கிளாஸி ஷீட்ட ட்ரேயிலயே வச்சிருக்கீய. பாருங்க, சுருண்டு போய்க் கெடக்கு."

"சுருண்டா வேற மாத்திக்கிடுதேன். நீ ஹெட்டப் பாருலே"ன்னு சொன்னேன்.

பிள்ளைகளா, வாரத்துக்கு ஒரு கலர் பிரிண்ட் போடுங்க. போர்டு சுவிட்சுல அணைக்காதீங்க. நீல பேக்ரவுண்டு கேட்டு வந்தா, யாருக்கு, எப்போன்னு வாய்விட்டுக் கேளுங்க. கோவப்படுவாங்க, படட்டும். அப்படிக் கேட்டுட்டா, அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குப் போய் ஆளைத் தூக்கிப் புரட்டவும் தயாரா இருங்க. ட்ரேயில ஒரு ஷீட்டை எப்பவும் விட்டுவையுங்க. அன்னைக்கு அதை எடுக்க நான் மறக்கலைன்னா, மிஷின் பேப்பர் இல்லைன்னு ஒரு சிவப்பு லைட்டைக் காட்டிட்டுச் சும்மா இருந்திருக்கும்.

இப்பவும் கரண்டு போயிட்டு வந்தா மிஷின் தானா உறுமுது. நான் அடுப்பை அணைச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, அது பக்கத்துல வந்து நிக்கேன். ரோலர் ஷீட்டைத் தொடாம அடங்குற வரைக்கும் நிக்கேன். அடங்கின பிறகுதான் குழம்பைக் கொதிக்க விடுறேன்.